ரேகைச் சட்டம் போனது. ரேகைப் புத்தி போகவில்லை!

(அருப்புக்கோட்டையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் கரிசல் காட்டில் ஒரு ஆடு களவு போனால், ஆட்டைப் பிடித்தவன் யார் என்று பிறகுதான் கேட்கிறார்கள். "நீ எந்தத் தெரு?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1854-ல் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க வெள்ளைக்கார சர்க்காரே ஒரு கமிஷன் வைத்தது. வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் நெரித்தார்கள். கழுத்தையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்தார்கள். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். அன்று வரி வசூலும் போலீசும் ஒரே கையில் இருந்தன. 1859-ல் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. சேவகனின் உடுப்பு மாறியது, அடி மாறவில்லை.

அடுத்து வந்தது குற்றப்பரம்பரைச் சட்டம். 1871-ல் வடக்கே பிறந்து, 1911 சட்டத்தோடு நம் பக்கமும் நுழைந்தது. நம் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். திருடியவன் மட்டுமா குற்றவாளி? இன்ன சாதியில் பிறந்தவனெல்லாம் குற்றவாளி! கைரேகை வைக்க வேண்டும். இரவானால் போலீஸ் காவலில் படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். குடியானவனைச் சுரண்டிக் கொழுத்தவன் பெயர் அந்த ரிஜிஸ்தரில் ஏறவில்லை.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1921 ஆகஸ்டு 29. சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர் மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தபோது, அவர்கள் மீதும் அதே போலீஸ் சுட்டது. ஆனால் தோழர்களே, அந்தப் போராட்டத்தை முறித்தது துப்பாக்கி மட்டுமல்ல. தொழிலாளரைச் சாதி பிளந்தது. புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. லாபம் யாருக்கு? முதலாளிக்கு!

மதுரையில் ஜார்ஜ் ஜோசப் ரேகைச் சட்டத்தை எதிர்த்து வாதாடினார். பலர் பல ஆண்டு போராடினார்கள். 1947-ல் நம் ராஜதானியிலும், 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

புத்தி ஒழிந்ததா? 2020-ல் சாத்தான்குளத்தில் தகப்பனும் மகனும் போலீஸ் அடித்துச் செத்தார்கள். 2025 ஜூனில், நமக்குப் பக்கத்துத் திருப்புவனத்தில், நகை காணவில்லை என்ற புகாருக்காகக் கோயில் காவலாளி ஒருவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். பிணமாகத்தான் வந்தார்.

ஆகவே, நம்மில் ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியே அனுப்பாதீர்கள். நாலு பேர் கூடப் போங்கள். கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1996-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு இழுக்கச் சட்டத்தில் இடமில்லை. இவற்றைக் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

கூடப் போகும் அந்த நாலு பேரில் நாலு தெருவும் இருக்கட்டும். "எந்தத் தெரு?" என்று கேட்டால், "உழைக்கிறவன் தெரு" என்று ஒரே குரலில் சொல்லுவோம்!