வீட்டு நாய் திடீரென்று நொண்டினால்

காலையிற் படலையைத் திறந்துவிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடிய நாய், அரைமணி நேரத்தின் பின் மூன்று காலில் திரும்பி வருகின்றது. நான்காவது கால் நிலத்தைத் தொடவில்லை. வீட்டார் எல்லாரும் முற்றத்தில் கூடிவிடுகிறார்கள். சிறுவன் ஓடிச்சென்று தூக்கியிருக்கும் காலைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறான். ஆச்சி நல்லெண்ணெயைச் சுடவைக்கச் சொல்லுகிறார். "சுளுக்காய்த்தான் இருக்கும், உருவிவிட்டால் மாறிப்போகும்" என்பது அவரது தீர்ப்பு. தகப்பனாரோ, தமது முழங்கால் நோவுக்கென்று அலுமாரியில் வைத்திருக்கும் மாத்திரையிற் பாதியை உடைத்துப் பாணுக்குள் வைத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்.

மூவரும் அந்த நாயில் அன்புள்ளவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் மூவரும் செய்ய முற்பட்ட காரியங்களுள் ஒன்றாவது நாய்க்கு நன்மை தருவதன்று. அவற்றுள் ஒன்று அதன் உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

நொண்டுதல் என்பது ஒரு நோயின் பெயரன்று. காய்ச்சல் என்ற சொல்லைப் போல அதுவும் ஓர் அடையாளம் மாத்திரமே. பாதத்தில் ஏறிய நெருஞ்சி முள்ளும் நாயை நொண்டச் செய்யும். தொடையெலும்பு முறிவும் நொண்டச் செய்யும். உண்ணி கொண்டுவந்த காய்ச்சலும் நொண்டச் செய்யும். ஆகவே காலைப் பிடிப்பதற்கு முன்னர் நடையைப் பார்க்கவேண்டும். நாயைத் தன் போக்கில் நாலைந்து அடி நடக்கவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால் பல செய்திகள் புலப்படும்.

நாயின் உடற்பாரத்தில் 100க்கு 60 பங்களவில் முன்னங்கால்களே தாங்குகின்றன. முன்னங்கால் ஒன்றில் நோவிருந்தால், அந்தக் காலை ஊன்றும் வேளையில் நாய் தலையை மேலே தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தலை தாழும். பாரத்தை நோகும் காலிலிருந்து விலக்குவதற்கு அது கண்டுபிடித்த உபாயம் இது. பலர் தலை தாழ்வதைக் கண்டு அந்தப் பக்கத்துக் காலிலேதான் குறையென்று நினைத்துவிடுகிறார்கள். பின்னங்காலில் நோவானால் தலையை விட இடுப்பையே பார்க்கவேண்டும். நோகும் பக்கத்து இடுப்பு மற்றதைவிட உயர்ந்தெழும். எந்தக் கால் என்பதைச் சரியாகச் சொல்ல முடிந்தாலே வைத்தியரின் வேலையிற் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கவேண்டியிருக்கிறது. "அது அழவில்லை, சாப்பிடுகிறது, வாலையும் ஆட்டுகிறது, ஆகவே நோவில்லை" என்று சொல்லுவோர் பலர். நாய் ஓநாயின் வழிவந்த மிருகம். நோவை வெளிக்காட்டாமல் அடக்கிக்கொள்ளும் இயல்பு அதனிடம் உண்டு. எலும்பு முறிந்த நாயும் எசமானைக் கண்டால் வாலை ஆட்டும். காலை ஊன்றாதிருப்பதே அதன் முறைப்பாடு. வேறு முனகலை எதிர்பார்த்துக் காத்திருப்பது நியாயமன்று.

நடையைப் பார்த்த பின்னரே கை வைக்கவேண்டும். அதற்கு முன் வாயைக் கட்டுவது நல்லது. எவ்வளவு சாதுவான நாயாயினும் நோகும் இடத்தைத் தொட்டாற் கடிக்கும். அது நன்றிகெட்ட செயலன்று, நோவின் செயல். பழைய சேலைக்கரையோ அகலமான துணிப்பட்டையோ போதும். அதை மூக்கின்மேல் ஒரு சுற்றுச் சுற்றித் தாடைக்குக் கீழே மாற்றிக் கொண்டுபோய்க் காதுகளுக்குப் பின்னால் முடிச்சிடலாம். சப்பை மூக்குடைய நாய்களுக்கும், வாந்தியெடுக்கும் அல்லது மூச்சுத் திணறும் நாய்களுக்கும் இப்படிக் கட்டக்கூடாது. நாய் வாயைத் திறந்து இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. ஆதலாற் கட்டை நீண்டநேரம் விட்டுவைக்கவும் கூடாது. சிறுவர்கள் சற்று எட்ட நிற்கட்டும்.

அப்படியும் நாய் கடித்துவிட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நாய்க்கடி நோய் எல்லா நாய்களிலும் மூர்க்கமாகவே தோன்றுவதில்லை. சிலவற்றில் அது வாத வடிவில் வரும். பின்னங்கால்கள் தள்ளாடும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று நினைத்து வாய்க்குள் கையை விட்டு ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு. தடுப்பூசி போடப்படாத நாயொன்று தள்ளாடி நடந்து, குணமும் மாறியிருந்தால், அதனைத் தொடாமல் ஓரிடத்தில் அடைத்துவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவிப்பதே முறை.

இனி, பாதம். திடீரென்று தோன்றும் நொண்டலுக்குப் பெரும்பாலும் பாதத்திலேயே காரணம் கிடைக்கும். கீழிருந்து மேலாகவே சோதிக்கவேண்டும். நோகுமென்று தெரிந்த இடத்தைக் கடைசியாகத் தொடவேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, இடுக்குகளை வெளிச்சத்திற் பார்க்கவேண்டும். நெருஞ்சி முள், போத்தல் ஓடு, முட்கம்பிக் கீறல், பனங்கருக்குக் கிழித்த காயம், விரலிடுக்கிற் பதுங்கியிருக்கும் உண்ணி ஆகிய இவையெல்லாம் நம் நாட்டு முற்றங்களும் ஒழுங்கைகளும் தரும் பரிசுகள். நகம் அடியோடு பிளந்திருக்கலாம். சிறிய காரியமாகத் தோன்றினும் அது மிகுந்த நோவைத் தரும். நண்பகலில் தார் றோட்டில் நடந்த நாயின் பாதத்தோல் வெந்து கொப்புளித்திருக்கவும் கூடும். நாம் செருப்பணிந்து செல்லும் றோட்டில் அது வெறுங்காலுடன் வருகின்றது. புறங்கையை வைத்து ஏழெட்டு விநாடி பொறுக்கமுடியாத தரையில் நாயை நடத்தக்கூடாது.

மேலோட்டமாகத் தைத்த முள்ளை நேராக இழுத்தெடுத்து, இளஞ்சூட்டு உப்புநீரிற் கழுவிவிடலாம். ஆழப் புதைந்த கண்ணாடித் துண்டையோ ஆணியையோ பிடுங்கக்கூடாது. அது அடைத்துக்கொண்டிருக்கும் இரத்தக்குழாய் திறந்துகொள்ளும். இரத்தம் வடிந்தால், சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடமேனும் கையெடாமல் அழுத்தவேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் கலைந்துவிடும். பாதத்தில் ஒன்றும் காணாவிட்டால், மெல்ல மேலே சென்று மற்றப் பக்கத்துக் காலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீக்கம், சூடு, வளைவு ஆகிய மூன்றுமே வேண்டியவை. மூட்டுகளை முறுக்கிப் பார்ப்பது வீட்டார் வேலையன்று.

ஆச்சியின் எண்ணெய்க்கு வருவோம். எண்ணெயில் நஞ்சில்லை, உருவுவதிலேதான் தீங்கு. முறிந்த எலும்பை உருவினால் அதன் கூர்முனை தசையையும் இரத்தக்குழாயையும் கிழிக்கும். மூங்கிற் சிம்பை வைத்து இறுக்கிக் கட்டுவதும் அவ்வாறானதே. கட்டுக்குக் கீழே இரத்தவோட்டம் தடைப்பட்டுக் காலே அழுகிப்போவதுண்டு. முறிவென்று ஐயமிருந்தால், நாயை ஒரு பலகையிலோ இழுத்துப் பிடித்த சாக்கிலோ கிடத்தி, அசையாமற் கொண்டுசெல்வதே போதிய முதலுதவி. எலும்பு வெளியே தெரிந்தால் ஈரமான சுத்தத் துணியால் மூடலாம். உள்ளே தள்ள முயலக்கூடாது. புதிதாக வந்த வீக்கத்துக்குப் பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பது நோவைத் தணிக்கும்.

தகப்பனாரின் மாத்திரையோ வேறு விடயம். மனிதனுக்கு உதவும் நோவுமருந்துகள் நாயின் உடலில் அவ்வாறே வேலைசெய்வதில்லை. இபுபுரூபன் நாயின் இரைப்பையிற் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகங்களையும் பழுதாக்கும். டைக்ளோபினாக்கும் அத்தகையதே. பனடோல் என்று நாம் வழங்கும் பரசிற்றமோல் அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுத்து, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலையும் குறைத்துவிடும். வீட்டிற் பூனையும் இருந்தால் அதற்கு ஒரு சிறு துண்டுகூட யமனாகும். நாய்களுக்கென்றே செய்யப்பட்ட நோவுமருந்துகள் இருக்கின்றன. மிருக வைத்தியர் எடையைப் பார்த்து அளந்து கொடுப்பார். வீட்டிலே பாதி மாத்திரை முன்னரே கொடுத்துவிட்டால், அவர் சரியான மருந்தை உடனே தொடங்கவும் முடியாமற் போகும். முள்ளினால் நொண்டி வந்த நாய் மாத்திரையினால் மாண்டுபோவது மிகவும் பரிதாபம்.

சில வேளைகளில் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கலாகாது. மோட்டார் வண்டியோ முச்சக்கர வண்டியோ மோதிய நாய் எழுந்து நடந்தாலும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். கால்நோவு வெளியே தெரிய, உள்ளே சிறுநீர்ப்பை வெடித்திருக்கலாம்; நெஞ்சுக்குள் இரத்தம் கசியலாம். முரசு வெளுத்திருப்பதும், மூச்சு விரைவதும், சிறுநீர் கழியாதிருப்பதும் கெட்ட அடையாளங்கள். பற்றைக்குள் மோப்பம் பிடித்துவிட்டு வந்த நாயின் கால் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வீங்கிவந்தால், பாம்பு தீண்டியதென்றே கொள்ளவேண்டும். கண்ணாடி விரியன் தீண்டினால் வீக்கமும் இரத்தக் கசிவும் தோன்றும். மேலே இறுக்கிக் கட்டாமலும், காயத்தைக் கீறாமலும், நடக்கவிடாமலும் தூக்கிக்கொண்டு செல்லவேண்டும். காலைத் தூக்காமல் நிலத்தில் இழுத்துக்கொண்டு, விரல்களின் முதுகுப்புறம் தேய நடக்கும் நாய்க்குக் குறை காலில் இல்லை, முள்ளந்தண்டில் இருக்கின்றது. நீண்ட முதுகும் குட்டைக் காலுமுடைய டாக்ஸ்ஹூண்ட் இனத்தில் இது மிகுதி. இதிலும் நேரம் பொன்னானது.

இத்தகைய அவசரமின்றி, நாய் காலை ஓரளவு ஊன்றி நடக்குமானால், 24 மணித்தியாலம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். ஓய்வென்றால் முற்றத்தில் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதன்று. பூனையொன்று மதிலிற் போனாற் போதும், ஓய்வு பறந்துவிடும். சிறிய அறையில் அடைத்து, மலசலம் கழிக்க மாத்திரம் சங்கிலியிற் கொண்டுபோகவேண்டும். ஒரு நாளில் மாற்றம் காணாவிட்டால் வைத்தியரைக் காணவேண்டும். நன்றாகத் தெரிந்தாலும் மேலும் சில நாட்கள் அடக்கி வைத்திருப்பது நல்லது. ஓய்வினால் ஆறத்தொடங்கிய தசைநார், மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்ட மகிழ்ச்சியிலே அறுந்துபோன கதைகள் பல.

வயதும் இனமும் சொல்லும் குறிப்புகளும் உண்டு. ஓடும்போது இடையில் இரண்டு மூன்று அடிக்குப் பின்னங்காலைத் தூக்கிவிட்டு மறுபடி ஒன்றும் நடவாததுபோல ஓடும் பொமரேனியனுக்கு முழங்காற் சில்லு இடம்விலகுகின்றது. வளரும் பருவத்து அல்சேஷனில், இன்று ஒரு கால், அடுத்த கிழமை வேறொரு கால் என்று நோவு இடம்மாறினால் அது எலும்பு வளர்ச்சியோடு வரும் அழற்சியாயிருக்கலாம். பெரும்பாலும் காலப்போக்கில் தீரும். நடுவயதுப் பருத்த நாய் திடீரெனப் பின்னங்காலைத் தூக்கி, உட்காரும்போது அந்தக் காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டால், முழங்காலின் உள்ளே தசைநார் அறுந்திருக்கக்கூடும். அத்தசைநார் எக்ஸ் கதிர்ப் படத்தில் விழாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்டு நிம்மதியோடு திரும்பிவிடலாகாது. வைத்தியர் கையாற் சோதித்தே அதனை அறிவார். பெரிய இனத்து வயோதிப நாயின் மணிக்கட்டுக்கு மேலோ தோளருகிலோ முழங்காலருகிலோ கடினமான வீக்கம் தோன்றினால், எலும்புப் புற்றுநோயை நினைத்துப் பார்க்கவேண்டும். சொல்லக் கசப்பாயினும் சொல்லாமல் விடமுடியாது.

நம் நாட்டுக்கு உரிய காரணம் இன்னுமொன்று உண்டு. அது உண்ணி. நமது வெப்பநிலையில் நாயுண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். அது இரத்தத்தை உறிஞ்சுவதோடு ஏர்லிக்கியா, பபேசியா ஆகிய நோய்க்கிருமிகளையும் செலுத்திவிடும். காலில் அடியுமில்லை, முள்ளுமில்லை. ஆயினும் நாய் விறைத்து நடக்கும், மூட்டுகள் வீங்கும், உடல் கொதிக்கும், உணவு வேண்டாது. முரசு வெளுத்தாலும் சிறுநீர் கறுத்தாலும் மூக்கால் இரத்தம் வடிந்தாலும் இரத்தத்தைச் சோதிப்பித்தே ஆகவேண்டும். உண்ணியைச் சாவணத்தாற் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் தோலைப் பொசுக்குவதோடு, நாய் நக்கினால் நுரையீரலையும் கெடுக்கும்.

வைத்தியரிடம் போகும்போது சொல்லவேண்டியவை சில. எந்தக் கால், எப்போது தொடங்கியது, ஓடியபின் கூடுகிறதா படுத்தெழுந்தபின் கூடுகிறதா, உணவு எப்படி, உண்ணி கண்டதுண்டா என்பவற்றை முன்னரே யோசித்து வைத்துக்கொள்ளலாம். கைத்தொலைபேசி உள்ளவர்கள், வீட்டு முற்றத்தில் நாய் நடந்ததைப் படம் பிடித்துக் கொண்டுபோவது மிகப் பயன்படும். வைத்தியசாலை வாசலிற் பிற நாய்களைக் கண்டதும், நொண்டியது தான் அல்ல என்பதுபோல அது நேராக நடக்கத் தொடங்கிவிடும். தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லவேண்டும். முன்யோசனையின்றி மாத்திரை ஏதும் கொடுத்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், அதன் வெற்றுறையையும் கையோடு கொண்டுபோய் மேசையில் வைத்துவிடுவது நல்லது.