வியாபாரிக்காகப் பேசும் யந்திரம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வியாபாரத்தையே ஜீவனமாகக் கொண்ட குடும்பங்கள் பல நிறைந்த இச்சபையில் இவ்விஷயத்தைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தது மிகவும் பொருத்தமே. முதலாளி இல்லாத வேளையில் கணக்கப்பிள்ளை ஒரு விலையைச் சொல்லிவிட்டால், அது முதலாளியின் சொல்லாகவே கருதப்படுவது கடைவீதி வழக்கம். பிள்ளையைப் பின்னர்க் கடிந்துகொள்ளலாம். வந்தவரிடம் வாக்குத் தவறலாகாது. அக்கணக்கப்பிள்ளையின் ஆசனத்தில் இப்பொழுது ஒரு யந்திரம் அமர்த்தப்பட்டு வருகின்றது. சாட்பாட் என்று ஜனங்கள் வழங்கும் அதன் வாக்கு யாருடைய வாக்கு என்பதையே நாம் இன்று ஆராயப் புகுகின்றோம்.

இதன் பூர்வ சரித்திரத்தைச் சிறிது கூறுவோம். 1966-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையின் ஆசிரியர் ஜோசப் வைசன்பாம் என்பார் எலைசா என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்றை வெளியிட்டார். அதற்கு விஷய ஞானம் யாதும் இல்லை. எதிரிருப்பவர் எழுதிய வாக்கியத்தையே சற்றுத் திருப்பிக் கேள்வியாக்கிக் கொடுக்கும். அவ்வளவிலேயே, அவருடைய காரியாலயத்து அம்மையார் அதனுடன் அந்தரங்கமாகப் பேச விரும்பி, அவரையே அறையை விட்டு வெளியேறும்படி வேண்டினாராம்! நம்மிடம் இனிமையாகப் பேசுவது எதுவாயினும் அதை நம்பிவிடும் சுபாவம் மனிதருக்கு இயல்பு போலும்.

பிற்காலத்தில் வியாபார ஸ்தாபனங்கள் வைத்துக்கொண்ட யந்திரங்களோ அச்சிட்ட வினாவிடைப் புத்தகம் போன்றவை. கேள்வி புத்தகத்தில் இருந்தால் விடை கிடைக்கும். இல்லாவிடில், புரியவில்லை என்றே மீண்டும் மீண்டும் சொல்லும். கேட்பவருக்குச் சலிப்பு மிகுதி. ஆயினும், முதலாளி எழுதிவைத்த வாசகத்திற்கு மேல் ஒரு சொல்லும் அவை தாமாகச் சொன்னதில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் இந்நிலைமை மாறிற்று. இப்புதிய யந்திரம் அளவிறந்த எழுத்துக்களைக் கொண்டு பழக்கப்பட்டது. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்து, வாக்கியத்தைத் தானே இயற்றுகின்றது. கேள்வி கொச்சையாயினும், இரண்டு பாஷை கலந்து வரினும் பெரும்பாலும் பொருள் கொள்ளும். இது பெரிய அனுகூலமே. ஆனால் மெய்யைச் சொல்லும் அதே சரளத்துடன் பொய்யையும் சொல்லும். குரலிலோ நடையிலோ வேற்றுமை தோன்றாது. கம்பெனியின் விலைப்பட்டியலையும் விதிகளையும் அதன் முன் வைத்து, அவற்றைப் பார்த்தே விடையிறுக்கச் செய்யும் முறை இப்பொழுது பரவியிருக்கின்றது. இதனால் பிழை குறைகின்றது; ஒழிந்துவிடவில்லை.

மற்றொரு குறையும் உண்டு. முதலாளியின் உத்தரவும் வாடிக்கைக்காரரின் பேச்சும் அதற்கு எழுத்தாகவே போய்ச் சேருகின்றன; இரண்டையும் பகுத்தறிவதில் அது எளிதில் ஏமாறுகின்றது. 2023 டிசம்பரில் காலிபோர்னியா மாகாணத்து வாட்சன்வில் நகரில் செவர்லே மோட்டார் விற்பனை நிலையம் ஒன்றின் யந்திரத்திடம் ஒருவர், தாம் சொல்வதற்கெல்லாம் உடன்பட வேண்டும் என்று முதலில் கட்டளையிட்டுவிட்டு, பெரிய வண்டியொன்றை ஒரு டாலருக்குக் கேட்டார். யந்திரம் ஒப்புக்கொண்டது! வண்டி கைமாறவில்லை, உலகமே சிரித்தது.

சிரிப்பதற்கு இடமில்லாத வழக்கு கனடா தேசத்தில் நிகழ்ந்தது. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், துக்க காரியமாகச் செல்வோருக்கு ஏர் கனடா கம்பெனி அளிக்கும் குறைந்த கட்டணத்தைப் பற்றி அதன் யந்திரத்தை வினவினார். முழுக் கட்டணத்தில் டிக்கெட் வாங்கி, 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகை பெறலாம் என்று விடை வந்தது. பிரயாணம் முடிந்தபின் சலுகை கிடையாதென்பதே கம்பெனியின் விதி. அவ்விதி அதே வலைத்தளத்தின் வேறொரு பக்கத்தில் இருந்தது. கம்பெனியார் பணம் கொடுக்க மறுத்தனர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து நியாய மன்றத்தில் அவர்கள் வைத்த வாதம், யந்திரம் தனியொரு சட்ட ஆசாமி போல் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்னும் அளவுக்குச் சென்றதாக மன்றத்தாரே வியந்து எழுதினர். 2024 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. கம்பெனியின் பக்கத்தில் உள்ளது யாவும் கம்பெனியின் வாக்கே. ஒரு பக்கத்தை நம்பி மறு பக்கத்தைச் சோதிக்க வேண்டுமென்று வாடிக்கைக்காரர் ஏன் அறிய வேண்டும் என்று கேட்டு, வட்டியும் செலவும் சேர்த்து ஏறக்குறைய 812 டாலர் கொடுக்க உத்தரவாயிற்று. தொகை சொற்பம். நம் கணக்கப்பிள்ளை நியாயம் கடல் கடந்தும் செல்லுபடியாயிற்று என்பதில் நமக்குத் திருப்தியே.

இனி இன்னும் ஒரு படி ஏறியிருக்கின்றது. பேசுவதோடு நில்லாமல், ஆர்டரை மாற்றவும், பணத்தைத் திருப்பி அனுப்பவும் யந்திரங்களுக்கு அதிகாரம் கொடுக்கின்றனர். தவறிய சொல்லையாவது திருத்தலாம். அனுப்பிய பணத்தை மீட்பது அவ்வளவு சுலபமா? சுவீடன் தேசத்துக் கிளார்னா கம்பெனி, 700 பேருடைய வேலையைத் தன் யந்திரம் செய்கின்றதென்று 2024-இல் பெருமையாக அறிவித்தது; மறு வருஷமே, தரம் குறைந்ததென்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டு மனிதர்களை மீண்டும் சேர்க்கலானார்.

ஆகையால் நம் அங்கத்தினர்களில் இவ்யந்திரத்தை அமர்த்துவோர், விலை, தவணை, திரும்பப் பெறுதல் ஆகிய மூன்றிலும் அது தானாக வாக்குக் கொடாதபடி தடுத்து, அக்கேள்விகளை ஓர் ஆளிடம் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்வது நலம். அது சொன்ன விடைகளை வாரந்தோறும் ஒருவர் வாசித்துப் பார்ப்பதும் அவசியம். பேரேட்டைப் பார்வையிடாத முதலாளி நம்மில் உண்டோ? விற்கும் கம்பெனியாருடன் செய்யும் ஒப்பந்தத்தில், பிழைபட்டால் நஷ்டம் யாரைச் சேர்ந்தது என்னும் வாசகத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும்.

இதில் அனுபவமுள்ள இளைஞர் சிலர் இச்சபையில் வந்திருக்கின்றனர். அவர்கள் பேசுவதற்கு இடங்கொடுத்து நாம் அமர்கின்றோம்.