குளிர்காலத்து விறகு: பிளத்தலும் சேமித்தலும்



நீலகிரியில் மார்கழியும் தையும் உறைபனிக் காலம். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், வானம் தெளிந்த இரவுகளில் புல்லின்மேல் பனி உப்புப்போலப் படிகிறது. சமையலுக்கு எரிவாயு வந்துவிட்ட வீடுகள் பலவற்றிலும் குளிர்காய்வதற்கு விறகே துணை. ஆயினும் குளிர் வந்தபின் விறகு தேடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. இதனால் நேரும் நஷ்டம் இருவகைப்படும்: ஒன்று பொருளுக்கு, மற்றொன்று உயிருக்கு.

பொருள் நஷ்டத்தை முதலில் கவனிக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீரே. 100 கிலோ பச்சை விறகை நிறுத்து வாங்குகிறவர் சுமார் 50 கிலோ தண்ணீருக்கும் விலை கொடுக்கிறார். அத்தண்ணீர் ஆவியாகிப் போனாலன்றிக் கட்டை பற்றாது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குச் செல்லும் உஷ்ணத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணம், கொதித்த நீரை ஆவியாக்கச் செலவாகிறது. அறையைச் சூடாக்க வேண்டிய அனல் இவ்வாறு வீணாகிறது, எஞ்சுவது புகை.

இரண்டாவது நஷ்டம் இப்புகையிலிருந்தே பிறக்கிறது. புகைக்கு அஞ்சிச் சிலர் கரித்தணல் நிரப்பிய கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குகின்றனர். தணலில் புகை இல்லை; ஆகையால் தீங்கும் இல்லை என்று எண்ணுகின்றனர். ஆனால் அதிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு எழுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலைவாசஸ்தலங்களில் இவ்வாறு உறங்கியவர்கள் காலையில் கண்விழிக்காமற்போன சம்பவங்கள் பல உண்டு. புகைபோக்கியுள்ள அடுப்பில் உலர்ந்த விறகை எரிப்பதே தக்க முறை.

விறகு உலரும் விதம் எளிது. மரத்தின் ஈரம் பட்டையின் வழியே எளிதில் வெளியேறாது. வெட்டுமுகத்தின் வழியாகவும் பிளந்த பக்கத்தின் வழியாகவுமே வெளியேறும். ஆகையால் மரத்தை அடுப்பின் அளவுக்கு அறுத்து, உடனே பிளந்துவிட வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்பூர மரமும் சீகை மரமுமே இம்மலையில் பெரிதும் விறகாகின்றன. இவற்றுள் கற்பூர மரத்தின் இழை முறுக்குடையது. காய்ந்தபின் கோடரிக்கு இணங்காது. பச்சையாயிருக்கும்போதே, நடுவில் ஓங்காமல் விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகப் பிளந்து வர வேண்டும். கணுவுள்ள கட்டைக்கு ஆப்பும் சம்மட்டியும் தேவை. பிளக்குமிடத்தில் குழந்தைகள் நிற்கலாகாது.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவாதலால், வரும் குளிர்காலத்து விறகை இம்மாதங்களிலேயே பிளந்து வெயிலும் காற்றும் படும்படி அடுக்குதல் நலம். கற்களின்மேல் கழிகளைக் கிடத்தி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரைவிட்டு விலக்கி அடுக்க வேண்டும். ஜூன் மாதத்து மழைக்கு முன் மேலே தகரக்கூரை இட்டு, பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். நாற்புறமும் தார்ப்பாய் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கிக் காளான் பூக்கும். முனைகளில் வெடிப்புக் கண்டு, இரு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிப்பது உலர்ந்த விறகு. மந்தமாக ஒலிப்பது பச்சை.

வீடுதோறும் கொட்டகை போட எல்லோருக்கும் இயலாது. ஓராண்டு முன்னதாகவே விறகுக்குப் பணம் முடக்கவும் ஏழைக் குடும்பத்தால் ஆகாது. சங்கம் செய்யத்தக்கது இங்கேதான். கோடையில் மொத்தமாக வாங்கிப் பிளந்து, பொதுக் கொட்டகையில் உலர்த்தி, நவம்பரில் அங்கத்தினருக்கு நிறுத்துக் கொடுத்தால், தண்ணீருக்கு விலை கொடுப்பது குறையும். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்பதையும், ஊற்றுகளைக் காக்கும் சோலை மரங்கள் விறகுக்கு உரியனவல்ல என்பதையும் சங்கம் மறத்தலாகாது.

உறைபனி எந்த மாதத்தில் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கோடையில் கோடரியை எடுத்தவர் வீட்டில் மார்கழியில் தட்டுப்பாடு இராது.