அச்சத்தின் மூலப்பிரதி



பேய்க்கதை என்றதும் அதைப் பாட்டியின் மடியோடும் திண்ணை இருட்டோடும் முடிந்துபோன சங்கதியாகக் கருதி, ஆராய்ச்சிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று ஒதுக்கிவிடும் வழக்கம் கற்றோரிடையே எத்தேசத்திலும் உண்டு. அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஓர் எழுத்தாளரின் பிரதிகளைக் காவியங்களுக்குரிய சிரத்தையோடு திருத்திக் கொடுத்த ஓர் அறிஞரின் உழைப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1890இல் பிறந்த எச். பி. லவ்கிராஃப்ட், மலிவுத் தாளில் அச்சாகிய கதைப் பத்திரிகைகளிலேயே பெரும்பாலும் எழுதி, தம் கதைத் தொகுதி ஒன்றேனும் வெளிவரக் காணாமலே 1937இல் மறைந்தார். இரண்டு நண்பர்கள் 1939இல் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தையே அவருக்காகத் தொடங்கித் தொகுதி வெளியிட்டார்கள். ஆனால் எட்மண்ட் வில்சன் என்ற பெரிய விமரிசகர் 1945இல் அக்கதைகளைத் தரமற்ற கலையென்று ஒரே வீச்சில் தள்ளினார். பயங்கரம், கோரம் என்ற அடைமொழிகளை அடுக்குவதால் அச்சம் பிறந்துவிடாது என்ற அவருடைய வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவர் தீர்ப்புச் சொன்ன நூல்களில் பத்திரிகைக்காரர்கள் செய்த சேதங்கள் பல அப்படியே ஏறியிருந்தன என்பதையும் நாம் மறக்கலாகாது.

அந்தச் சேதம் எத்தகையது? அண்டார்டிகாவின் பனிமலைகளுக்கிடையே நிகழும் அவருடைய நெடுங்கதையை ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகை 1936இல் மூன்று இதழ்களில் வெளியிட்டபோது, நீண்ட பத்திகளையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கியதோடு, இறுதிப் பகுதியில் பல வாக்கியங்களை நீக்கியும் விட்டது. பத்தியை நறுக்கினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பாறையின் அடுக்கு, காற்றின் வேகம், மலையின் உயரம் என்று ஒரு பூகர்ப்ப சாஸ்திரியின் நிதானத்தோடு அளவுகளைச் சொல்லிக்கொண்டே போய், வாசகன் மூச்சு விடுவதற்கு ஓரிடமும் தராமல், பத்தியின் கடைசி வாக்கியத்தில் அந்த அளவுகளுக்குள் அடங்காத ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவதே அவருடைய உத்தி. நடுவில் இடைவெளி விட்டால் வாசகன் மூச்சு விட்டுவிடுகிறான். அச்சமும் அங்கேயே கலைந்துவிடுகிறது. மனம் நொந்த ஆசிரியர் தம்மிடமிருந்த இதழ்களில் கைப்படத் திருத்தம் செய்து வைத்தார்.

அந்தத் திருத்தங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் வரிவரியாக ஒப்பிட்டவர் எஸ். டி. ஜோஷி. 1958இல் புனே நகரில் பிறந்து, பாலப் பருவத்திலேயே அமெரிக்கா சென்ற அவர், லவ்கிராஃப்டின் காகிதங்கள் இருக்கின்றன என்பதற்காகவே பிரவுன் பல்கலைக்கழகத்தை நாடினார். கிரேக்க, லத்தீன் இலக்கியங்களை அங்கே பாடமாகப் பயின்றவர், பண்டைய ஏடுகளுக்கு உரிய பாடபேத ஆராய்ச்சியைப் பத்திரிகைக் கதைகளுக்குச் செய்தார். 1984 முதல் 1986 வரை திருத்திய பாடங்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. வெள்ளையரல்லாதாரை இழிவாக எண்ணியவர் லவ்கிராஃப்ட் என்பது அவருடைய கடிதங்களிலேயே தெரிகிறது. அந்தக் களங்கத்தையும் தாம் எழுதிய அவருடைய வாழ்க்கைச் சரித்திரத்தில் ஜோஷி மறைக்கவில்லை. பாரத மண்ணில் பிறந்த ஒருவர் அப்படிப்பட்டவரின் அரைப்புள்ளிகளைக்கூடக் காப்பாற்ற ஆயுளைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஆனால் முக்கியமான ஒரு பிரதி அப்போது அகப்படவில்லை. காலத்தைக் கடந்துவரும் ஒரு நிழலைப் பற்றிய அந்தக் கதையை லவ்கிராஃப்ட் 1934, 35இல் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினார். அதைத் தட்டச்சு செய்து கொடுத்த பார்லோ என்ற இளம் நண்பர், பிற்காலத்தில் மெக்ஸிகோவில் பழங்குடி மொழிகளை ஆராயும் பேராசிரியராகி, அந்நோட்டைத் தம் மாணவி ஒருவரிடம் கொடுத்துவிட்டு 1951இல் காலமானார். தொலைந்தது என்றே எல்லோரும் எண்ணியிருந்த நோட்டு, 1990களின் நடுவில் ஹவாய்த் தீவிலிருந்து வெளிப்பட்டு, பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தை வந்தடைந்தது. 2001இல் ஜோஷியும் ஷுல்ட்ஸ் என்ற மற்றோர் அறிஞரும் அதன் உண்மையான பாடத்தை அச்சிட்டார்கள். பத்திரிகையில் சிதறிக் கிடந்த பத்திகள் ஆசிரியர் வகுத்தபடியே மீண்டும் ஒன்றுகூடின.

அந்தக் கதையின் முடிவை அறிந்தவர்களுக்கு இச்சம்பவம் மெய்சிலிர்க்க வைப்பதாகும். ஆஸ்திரேலியப் பாலைவனத்து மணலுக்கடியில், மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பாழாகிய ஒரு நூலகத்துக்குள் தனியாக இறங்கிச் செல்கிறார் ஒரு பேராசிரியர். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, நடுங்கும் கையால் டார்ச் வெளிச்சத்தை அதன் பக்கத்தின்மேல் திருப்புகிறார். அதில் இருப்பது அவருடைய சொந்தக் கையெழுத்து.