விளையாட்டு வேடிக்கையும் வீட்டுச் செலவும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம் இல்லங்கள் யாவற்றிலும் மாதந்தோறும் தலைகாட்டும் ஒரு செலவைப் பற்றியது. கிரிக்கெட் முதலிய ஆட்டங்களைக் கண்டு களிக்க விரும்புவோர், கேபிள் இணைப்பை நீக்கிவிட்டு, இணையத்தின் வழியே செயலிகளில் அவற்றைப் பார்ப்பாராயின் பணம் மிச்சமாகுமா என்பதே கேள்வி. "ஆகும், கேபிளுக்குக் கொடுப்பது வீண்" என்று இளைஞர் கூறுகின்றனர். "ஆகாது, செயலிதோறும் சந்தா கட்டிக் கைப்பொருள் கரைகின்றது" என்று குடும்பத் தலைவர் கூறுகின்றனர். இரு சாராரும் கணக்கு எழுதிப் பார்த்து இங்ஙனம் கூறுவதாகத் தோன்றவில்லை. ஆதலின் அக்கணக்கை இச்சபையிலே நாம் எழுதிப் பார்ப்போமாக.

முதற்கண் கேபிளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் கேபிள் தெருத்தெருவாகப் பரவியது. வேண்டிய அலைவரிசைக்கு மட்டும் பணம் கொடுக்கும் முறைக்காகச் செட்டாப் பாக்ஸ் வைக்கும் ஏற்பாடு 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை மாநகரில் நடைமுறைக்கு வந்தது. பின்னர்த் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2011-இல் மாதம் ரூ.70 என்னும் கட்டணத்தில் இணைப்புகளைக் கொடுத்தது. அக்காலத்தில் எழுபது ரூபாய்க்கு ஆட்டமும், நாடகமும், செய்தியும், பக்திப் பாடலும் ஒரே கம்பியில் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டிற்கு ஒரு கட்டணம். கேட்க வருபவரும் நம் தெருவினரே.

இந்நிலை 2019 பிப்ரவரியில் மாறியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் வகுத்த விதிப்படி, முதல் 100 அலைவரிசைகளுக்கு அடிப்படைக் கட்டணம் ரூ.130 என்றும், கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை என்றும் ஏற்பட்டது. அந்த ரூ.130-க்கு நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரி சேர்ந்தால் ரூ.153.40 ஆகும். ரூ.19-க்கு மேற்பட்ட விலையுள்ள அலைவரிசையைத் தொகுப்பிற் சேர்த்து விற்கலாகாது என்றும் விதி இருந்தது. அந்த எல்லையை ஒட்டிய விலையில் இரண்டு விளையாட்டு அலைவரிசைகளை ஒருவர் எடுத்தாரெனின், வரியுட்பட ஏறக்குறைய ரூ.45 கூடி, மொத்தம் ரூ.198 ஆகும். இதில் ஆட்டத்திற்கென்று கொடுத்தது நாற்பத்தைந்து ரூபாயே. எஞ்சியது கம்பிக்குக் கொடுத்த கூலி. கேபிளை நீக்கினால் இரண்டும் மிச்சமாகும் என்பது இளைஞர் வாதத்தின் வலிமை. அவ்வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை.

இனி மற்றோர் பக்கத்தைக் காண்போம். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தொழில் தொடங்கிய பின் டேட்டாவின் விலை வீழ்ந்தது. கைபேசியே தொலைக்காட்சி ஆயிற்று. 2022-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்தை ஜியோசினிமா செயலி இலவசமாகக் காட்டியது. 2023, 2024 ஆகிய இரண்டாண்டுகளிலும் ஐ.பி.எல். ஆட்டங்களையும் அவ்வாறே காட்டியது. 2023-இன் ஒருநாள் உலகக் கோப்பையைக் கைபேசியில் பார்ப்போரிடம் ஹாட்ஸ்டாரும் காசு கேட்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தை ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் அச்செயலியில் கண்டனர். "ஆட்டம் இனி என்றும் இலவசமே; கேபிள் எதற்கு?" என்ற எண்ணம் பலர் உள்ளத்திலும் வேரூன்றிய காலம் அதுவே.

அன்பர்களே! வியாபாரம் அறிந்தவர் பலர் இச்சபையில் இருக்கின்றீர்கள். கடை திறந்த நாளில் சர்க்கரை வழங்குபவன் ஆண்டு முழுவதும் வழங்கமாட்டான் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை 2018 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ரூ.16,347.50 கோடிக்கு விலைபோயிற்று. 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு அது ரூ.48,390 கோடி ஆயிற்று. ஏறக்குறைய மூன்று மடங்கு. இதில் இந்தியத் தொலைக்காட்சி உரிமையை ஸ்டார் நிறுவனம் ரூ.23,575 கோடிக்கும், இணையவழி உரிமையை வையாகாம்18 நிறுவனம் அதற்குச் சற்றேறக்குறைய இணையான தொகைக்கும் எடுத்தன. இத்துணைப் பெருந்தொகையைக் கொட்டியவர் அதனை ஈட்டும் இடம் இரண்டே: ஒன்று விளம்பரம்; மற்றொன்று பார்ப்பவர் பை. விளம்பரத்தால் மட்டும் நிரம்பாதபொழுது பார்ப்பவர் பையைத் தேடி வருதல் இயல்பன்றோ?

அஃது அவ்வாறே நிகழ்ந்தது. போட்டியிட்ட இரு நிறுவனங்களும் 2024 நவம்பரில் ஒன்றாயின. 2025 பிப்ரவரி 14-ஆம் நாள் இரண்டு செயலிகளும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் என்னும் ஒரே செயலி ஆயிற்று. கைபேசியில் மட்டும் பார்க்க மூன்று மாதத்திற்கு ரூ.149, ஆண்டிற்கு ரூ.499, தொலைக்காட்சிப் பெட்டியிலும் பார்க்கும்படியான சந்தா மூன்று மாதத்திற்கு ரூ.299, ஆண்டிற்கு ரூ.899 என்று அப்பொழுது விலை குறித்தனர். இருவர் போட்டியிட்டபொழுது இலவசமாய் இருந்தது, ஒருவரானபின் விலைப்பொருள் ஆயிற்று.

நிற்க. இப்பொழுது கணக்கிற்கு வருவோம். கேபிளுக்கு விளையாட்டு, நாடகம், திரைப்படம் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.300 ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டிற்கு ரூ.3,600. நாம் இங்கே மூன்று வகை வீடுகளை எடுத்துப் பார்ப்போம்.

முதல் வகை, வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தனி இளைஞர். அவர் கைபேசியில் ஐ.பி.எல். மட்டும் பார்ப்பவர். அந்தப் பருவம் இரண்டு மாதத்திற்குச் சற்று மேற்பட்டது. ஆதலின் 2025-இன் விலைப்படி ரூ.149 போதும். கேபிளாயின் அதே மூன்று மாதத்திற்கு ரூ.900 ஆகும். இவருக்கு மிச்சம் உண்டு, ஐயமில்லை.

இரண்டாம் வகை, பிள்ளைகளின் படிப்பிற்காகவோ தொழிலுக்காகவோ பிராட்பேண்ட் இணைப்பு முன்னமே வாங்கிய வீடு. தொலைக்காட்சியில் பார்க்க ரூ.899, வேறு ஆட்டங்களுக்காக மற்றொரு செயலிக்கு ஆண்டிற்கு ரூ.1,000 என்று கொள்வோம், மொத்தம் ரூ.1,899. கேபிளை உண்மையாகவே நீக்கினால் ரூ.1,701 மிஞ்சும். ஆனால் ஆட்டத்திற்காக மட்டுமே புதிதாய் மாதம் ரூ.500-க்கு பிராட்பேண்ட் வாங்கினாலோ, அதற்கு ரூ.6,000 கூடி, மொத்தம் ரூ.7,899 ஆகிவிடும். அது கேபிள் செலவைப்போல் இருமடங்கிற்கும் மேல்.

மூன்றாம் வகைதான் நம்மவரிற் பெரும்பாலோர் வீடு. பாட்டியார்க்கு மாலை நாடகம் வேண்டும். தாத்தாவுக்குச் செய்தி வேண்டும். தாய்மார்க்கு வெள்ளிக்கிழமைப் பூஜை ஒளிபரப்பு வேண்டும். சன் தொலைக்காட்சி நாடகத்திற்கு ஒரு செயலி, விஜய் தொலைக்காட்சி நாடகத்திற்கு வேறொரு செயலி என்று பிரித்துத் தேடி எடுக்க முதியோரால் இயலுவதில்லை. ஆகவே கேபிள் நிற்கின்றது. அதன்மேல் மகனுக்காகச் செயலியும் ஏறுகின்றது. ரூ.3,600-உடன் ரூ.1,899 சேர ரூ.5,499. மிச்சம் பிடிக்கப் புறப்பட்ட வீட்டில் செலவு ஒன்றரை மடங்காகின்றது. இதனை ஒருவரும் குறித்து வைப்பதில்லை. ஏனெனில் கேபிள் பணம் தந்தையார் கையிலிருந்தும், செயலிப் பணம் மகன் கைபேசியிலிருந்தும் வெவ்வேறு வழியே போகின்றது.

இன்னும் சில மறைவான செலவுகள் உள. தெளிவான படத்திற்கு மணிக்கு 1 ஜி.பி.க்கு மேல் டேட்டா செலவாகும். இருபது ஓவர் ஆட்டம் ஒன்று ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடப்பது. நாளொன்றுக்கு 2 ஜி.பி. வரும் ரீசார்ஜ் செய்தவருக்குப் பாதி ஆட்டத்திலேயே அது தீர்ந்துபோம். 2024 ஜூலையில் பெரிய கைபேசி நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தியதும் நாம் கண்டதே. மேலும், உரிமைகள் ஒரே இடத்தில் நிலைத்திருப்பவை அல்ல. ஐ.பி.எல். பார்க்க ஜியோஹாட்ஸ்டாருக்குப் பணம் கட்டியவர், 2025 செப்டம்பரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு சோனிலிவ் செயலியைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. காட்சியும் சில விநாடி பின்தங்கியே வரும். நம் திரையில் பந்து வீசுபவர் ஓடி வருமுன்னரே, கேபிள் வைத்திருக்கும் அடுத்த வீட்டாரின் ஆரவாரம் காதில் விழுந்துவிடும்.

இவ்வழியில் நமக்கு முன் நெடுந்தூரம் நடந்தவர் அமெரிக்கர். அங்கே கேபிள் கட்டணம் நம்மவர் நினைக்கவும் இயலாத அளவிற்கு உயர்ந்திருந்தமையால், மக்கள் பெருங்கூட்டமாய் அதனை விட்டு விலகினர். 2017-இல் யூடியூப் டிவி மாதம் 35 டாலருக்குத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதன் விலை 82.99 டாலர். அமெரிக்கக் கால்பந்தின் வியாழக்கிழமை ஆட்டங்கள் 2022 முதல் அமேசானுக்குச் சென்றன. 2024 ஜனவரி 13-ஆம் நாள் நடந்த ஒரு முக்கியச் சுற்று ஆட்டம், போட்டியிட்ட அணிகளின் சொந்த நகரங்கள் நீங்கலாகப் பீகாக் என்னும் செயலியிலேயே காட்டப்பட்டது. அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளின் ஆட்டங்கள் நெட்ஃபிளிக்ஸுக்குச் சென்றன. ஒரே விளையாட்டை ஒரு பருவம் முழுதும் காண நாலைந்து வாயில்களில் நுழைவுச் சீட்டு வாங்கும் நிலை வந்தது. ஆட்டம் பார்க்காதவர் அங்கே உண்மையாகவே மிச்சம் பிடித்தனர். ஆட்டம் பார்ப்பவர்க்கோ அது அத்துணை எளிதாயில்லை. கேபிள் கட்டணம் குறைவாகவுள்ள நம் நாட்டில் மிச்சத்திற்கு இடம் அதனினும் சுருங்கியது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இவ்விடத்தில் பலரும் மறந்துவிட்ட ஒன்றையும் சொல்லுதல் கடமை. வான அலைகள் பொதுச் சொத்து என்று நம் உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் கூறியது. அந்த வழக்கும் கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றியதே. 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அறிவிக்கப்பட்ட ஆட்டங்களைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமென விதிக்கின்றது. இந்திய அணியின் ஒருநாள் ஆட்டங்களும் இருபது ஓவர் சர்வதேச ஆட்டங்களும் அப்பட்டியலில் அடங்கும், ஐ.பி.எல். அடங்காது. அவற்றைத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வழியே காணலாம். குடைக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு செய்தால் மாதச் சந்தா இல்லை. எனினும், அங்ஙனம் பகிரப்பட்ட ஆட்டத்தைக் கேபிள் வழியாக வரும் தூர்தர்ஷனில் காட்டலாகாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேபிளில் தூர்தர்ஷனைத் திருப்பி ஆட்டம் வரவில்லையே என்று வருந்துவோர்க்குக் காரணம் இதுவே. நாட்டின் அணி ஆடுவதை மட்டும் காண விரும்பும் எளிய குடும்பத்திற்கு, கேபிளையும் செயலியையும் விட மலிவான மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதை நம் அங்கத்தினர் அறிந்து, அறியாதார்க்கும் எடுத்துரைப்பாராக.

ஆகவே, நாம் கண்ட முடிவு யாதெனில்: ஓர் ஆட்டத்தை மட்டும், ஒரு பருவம் மட்டும், கைபேசியில் பார்க்கும் தனியருக்குச் செயலியால் மிச்சம் உண்டு. இணையம் முன்னமே உள்ள வீட்டார் கேபிளைத் துணிந்து நீக்கினால் ஓரளவு மிச்சம் உண்டு. இரண்டையும் வைத்துக்கொள்ளும் வீட்டில் மிச்சம் என்ற பேச்சிற்கே இடமில்லை.

இதன்பொருட்டு நம் இல்லத்தார்க்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். ஆண்டின் தொடக்கத்திலேயே எந்த எந்த ஆட்டங்களைப் பார்க்கப்போகின்றோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவை நடக்கும் மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டிய அன்றே நிறுத்திவிடுங்கள். பருவம் முடிந்தபின் மறதியால் போகும் பணமே இவ்வியாபாரத்திற்குக் கொழுத்த லாபம். கேபிள் வைத்திருப்போர், பாராத கட்டண அலைவரிசைகளை நீக்கித் தரும்படி கேபிள்காரரைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேபிள் பணம், டேட்டா ரீசார்ஜ், பிராட்பேண்ட், செயலிச் சந்தா ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி, மாதக் கடைசியில் குடும்பத்தார் யாவரும் காண வையுங்கள். ஒரு கேபிளை நீக்குமுன் வீட்டிலுள்ள முதியோரைக் கேளுங்கள். அவருடைய மாலைப் பொழுதை விற்று நம்முடைய ஆட்டத்தை வாங்குவது சிக்கனம் ஆகாது.

ஆட்டம் பார்த்தல் தவறென்று நாம் கூறவில்லை. உழைத்துக் களைத்தவர்க்கு அஃது ஓர் ஆறுதல். தந்தையும் மகனும் ஒரே திரைமுன் அமர்ந்து பேசுவதற்கு ஒரு வாயில். அவ்வின்பத்திற்கு உரிய விலையைத் தெரிந்து கொடுப்பீர்களாக என்பதே நமது வேண்டுகோள்.