ஒருவன் குற்றத்துக்கு ஒரு சமூகமே கைதியா?

(மரக்காணம் உப்பளத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உப்பளக் கூலியைப் பற்றிப் பேசும் மேடையில் முஸ்லிம் மக்களைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

எங்கோ குண்டு வெடிக்கிறது. ஏழைகள் சாகிறார்கள். குண்டு வைத்த பாதகனைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும். இதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால், மறுநாள் நடப்பது என்ன? பேரைக் கேட்கிறார்கள். தாடியைப் பார்க்கிறார்கள். வாடகைக்கு வீடு இல்லை என்கிறார்கள். குற்றவாளியைத் தேடுவதை விட்டு, ஒரு மதத்தையே தேடுகிறார்கள்!

கோவையை நினைத்துப் பாருங்கள். 1997 நவம்பர் 29-ந் தேதி ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் ஒரு சிலர். பழியைச் சுமந்தவர்கள் யார்? அடுத்து நடந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டார்கள். அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன. 1998 பிப்ரவரி 14-ந் தேதி தொடர் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டார்கள். கலவரத்தை மூட்டியவனா செத்தான்? இல்லை. கடைவீதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த சாமானிய ஜனங்கள் செத்தார்கள். "அந்த மதத்தான் எவனானாலும் சரி" என்று இரு பக்கத்து வெறியர்களும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். அந்தக் கணக்கைச் சர்க்காரும் போடலாமா?

போட்டது, தோழர்களே! அதன் பிறகு கோட்டைமேட்டு வாசிகள் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்தார்கள். இந்த வழக்கில் கைதான கேரளத்து மதானி ஒன்பது வருஷத்துக்கு மேல் ஜாமீனின்றிச் சிறையில் கிடந்தார். 2007 ஆகஸ்டில் இவ்வழக்கிலிருந்து விடுதலை செய்தார்கள். அந்த ஒன்பது வருஷத்தை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

குஜராத்தில் 2002-இல் அக்ஷர்தாம் கோயிலில் கொடிய தாக்குதல் நடந்தது. ஆறு பேருக்குத் தண்டனை, மூவருக்குத் தூக்கு. 2014 மே 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது. நிரபராதியைப் பிடித்தால் கணக்கு முடிந்துவிடுகிறது. உண்மைக் குற்றவாளி தப்பிவிடுகிறான். இதனால் நாட்டுக்கு என்ன பாதுகாப்பு?

பிறப்பிலேயே குற்றவாளி என்று முத்திரை குத்துவது நமக்குப் புதிதா? வெள்ளைக்காரன் 1911-இல் சென்னை மாகாணத்துக்குக் கைரேகைச் சட்டத்தைக் கொண்டுவந்தான். கள்ளர், மறவர் முதல் நம் பழைய தென்னாற்காட்டு வேப்பூர் ஏழைகள் வரை, ஜாதி ஜாதியாக ரேகை வைக்கச் சொன்னான். 1920-இல் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்களைச் சுட்டுக் கொன்றான். ஜனங்கள் போராடி 1947-இல் அந்தச் சட்டத்தை இம்மாகாணத்தில் ஒழித்தார்கள். அன்று ஜாதியின் பேரால் நடந்தது, இன்று மதத்தின் பேரால் நடக்கிறது.

இது அவர்களோடு நிற்குமா? நிற்காது. 'உபா' சட்டத்தில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை சிறையில் வைக்கலாம். தொழிலாளருக்காக வாதாடிய வக்கீல் சுதா பரத்வாஜை 2018-இல் இதே சட்டத்தில் பிடித்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் சிறை! பக்கத்து வீட்டானுக்குப் பின்னிய வலை நாளை சங்கத்தின் மேல் விழும்.

இதில் யாருக்கு லாபம்? பாத்தியில் உப்பு வாரும் கை எந்த மதத்தின் கையானாலும் கொப்புளம் ஒன்றுதான். மில் கேட்டில் வேலை மறுக்கப்படும்போது வயிற்றில் எரியும் பசியும் ஒன்றுதான். நாம் ஒருவரையொருவர் சந்தேகித்தால், கூலி கேட்க யார் சேர்ந்து வருவார்கள்? முதலாளிக்கு இதைவிட மலிவான காவல்காரன் கிடைப்பானா?

ஆகவே, நம் வேலை என்ன?

போனில் வரும் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மதத்தைச் சொல்லி எவனையும் வேலையிலிருந்து நிறுத்தினால் சங்கம் தலையிட வேண்டும். போலீஸ் யாரைக் கொண்டுபோனாலும் காரணத்தைக் கேளுங்கள்; கைதுக் குறிப்பில் வீட்டாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது சலுகையல்ல, சட்டம்!

குற்றவாளிக்குத் தண்டனை, நிரபராதிக்குப் பாதுகாப்பு. இதுவே தொழிலாளி வர்க்கத்தின் நியாயம். உப்பளத்துக் கூலிக்கொடியின் கீழ் அந்த நியாயத்தையும் சேர்த்துப் பிடிப்போம்!