கொட்டாத வண்டும் தனித்து வரும் ராணியும்

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். உடன் படிப்பை நிறுத்தியவன். தொழிற்சாலையில் வேலை செய்பவன். பூச்சிகளைப் பற்றிப் பெரிதாகப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் பின்வளவில் நாலு கத்தரியும் மிளகாயும் வைக்கிறவர்கள் எங்களுக்குள் கனபேர். அவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கே தென் ஒன்ராறியோவில் பனி கரைந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும், புல்லுக்குச் சற்று மேலே இரைந்துகொண்டு ஒன்று பறக்கும். "ஐயோ, குளவி!" என்று பிள்ளையள் உள்ளே ஓடுவினம். நாங்கள் செருப்பைத் தேடுவோம். அது குளவியும் இல்லை, தேனீயும் இல்லை. 'பம்பிள் பிளவர் பீற்றில்' என்கிற வண்டு. ஊரில் தென்னையைத் துளைக்கிற கருவண்டின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீளம் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுதான். மண்ணிறமும் கறுப்புப் புள்ளியும், உடம்பெல்லாம் மயிர்.

மற்ற வண்டுகள் முதுகு ஓட்டை விரித்துக்கொண்டு பறக்கும். இது ஓட்டை மூடியபடியே, பக்கவாட்டால் சிறகை நீட்டிப் பறக்கும். அதனால்தான் தேனீ மாதிரித் தெரிகிறது. இதற்குக் கொடுக்கு இல்லை. கொட்டத் தெரியாத சீவனுக்கு இந்த வேஷந்தான் பாதுகாப்பு. ஆனால் எங்கட கையில் அதே வேஷமே அதற்கு யமனாகிறது.

இதன் புழுக்கள் உக்கிய இலையிலும் எருவிலும் வளரும். ஊரில் எருக்கும்பத்தைக் கிண்டினால் சுருண்டு கிடக்குமே வெள்ளைப் புழு, அந்த மாதிரி. உயிருள்ள வேரை அவை தின்பதில்லை. கோடை முடிவில் வளர்ந்த வண்டுகள் பழுத்த பழங்களிலும் சோளத்திலும் கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான்.

"அப்ப, உண்மையான தேனீ என்றால் அடிக்கலாமோ?" என்று கேட்பீர்கள். அதுதான் முக்கியம். வசந்தத் தொடக்கத்தில் பறக்கிற பெரிய மயிர்த் தேனீ, அதாவது பம்பிள் பீ, பெரும்பாலும் ராணி. அதன் பழைய கூட்டில் இருந்த மற்றவையெல்லாம் குளிருக்கு முன்பே செத்துவிடும். அவள் மட்டும் மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் தனியாக வந்து புதுக் கூட்டைத் தொடங்குவாள். அவளை அடித்தால் ஒன்றல்ல, ஒரு குடும்பமே இல்லாமல் போகிறது. ஒருகாலத்தில் இந்த மாகாணத்தில் சாதாரணமாகத் திரிந்த ஒரு பம்பிள் பீ இனம், 2009இல் பைனரி பூங்காவில் காணப்பட்டதன் பின் கனடாவில் பதிவாகவே இல்லை.

ஆகவே பெற்றோரே, இரைச்சல் கேட்டால் பிள்ளையளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். ராணித் தேனீ கொட்டும். மருந்தும் அடிக்க வேண்டாம். அழகுக்காகப் புல்லுக்கும் தோட்டத்துக்கும் பூச்சிமருந்து அடிப்பது ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் தடை. வண்டு என்றால் அது கொட்டாது. தேனீ என்றால் அவள் ஒரு குடும்பத்தின் தாய். இரண்டில் எது என்றாலும் அடிக்கக் காரணம் இல்லை.

குளிர் முழுக்க மண்ணுக்குள் பொறுத்திருந்து வெளியே வருகிற சீவன்களை வாழவிடுவோம். அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துகள் கூறி விடைபெறுகிறேன்.